பூட்டில் கை வைக்காதீர்கள்

வாடகை பாக்கி பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுதியிருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு உரிமையாளர் என்றதும் நாலு மாடிக் கட்டடமும் காரும் நம் மனக்கண்ணில் வருகின்றன. இந்தக் கடிதங்களில் இருப்பவர்களோ மூன்று வாடகையை நம்பி மருந்து வாங்குகிறவர்கள்.

*என் கணவர் இறந்த பிறகு அவருடைய வருங்கால வைப்பு நிதிப் பணத்தில் நான்கு லைன் வீடுகள் கட்டினேன். ஒன்றில் நான் இருக்கிறேன், மூன்றை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்றாவது வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வாடகை 4,500 ரூபாய், அட்வான்ஸ் 25,000. சித்திரையிலிருந்து வாடகை தரவில்லை. ஆர்டர் இல்லை, அடுத்த மாதம் தருகிறேன் என்று முதலில் சொன்னார். இப்போது நான் கதவைத் தட்டினால் திறப்பதே இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. ஃபியூஸைப் பிடுங்கிவிடு, தண்ணீர்க் குழாயை மூடிவிடு, தானாகக் கிளம்பிவிடுவார்கள் என்கிறான் என் தம்பி. எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. தை மாதம் போட்ட பதினோரு மாத ஒப்பந்தம் இருக்கிறது. மகள் அதை இணையதளத்தில் பதிவும் செய்திருக்கிறாள். என்ன செய்யலாம்?*
*— வாசகி, திருப்பூர்*

அம்மா, உங்களுக்கு மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனம் சொன்னதுதான் சட்டமும் சொல்கிறது. தமிழ்நாட்டில் நகர்ப்புற வீடுகளுக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்பது அதன் பெயரின் பொருள். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. வாடகை எத்தனை மாதம் நின்றிருந்தாலும் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கு உரிமை இல்லை என்று புதிய சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் தம்பி ஃபியூஸைப் பிடுங்கினால் அந்த டெய்லர் வாடகை அதிகார அமைப்பிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். அங்கே அமர்ந்திருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி உங்களுக்கு உத்தரவு வரும். ஆறு மாத வாடகையை இழந்து நிற்கும் நீங்கள் அன்றைக்குப் பதில் சொல்லவேண்டியவர் ஆகிவிடுவீர்கள். தம்பியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறு மாதம், 27,000 ரூபாய். அட்வான்ஸையும் தாண்டி 2,000 ரூபாய் போய்விட்டது. இரண்டு மாத வாடகை நிலுவையாகிவிட்டாலே சட்டப்படி நீங்கள் கேட்புக் கடிதம், அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் அறிவிப்பு, அனுப்பலாம். ஆனி மாதம் அனுப்பியிருந்தால் பாக்கி 9,000 ஆக இருந்திருக்கும், உங்கள் கையில் அட்வான்ஸில் 16,000 மிச்சம் நின்றிருக்கும். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரக்கப்பட்டு நான்கைந்து மாதம் பேசாமல் இருப்பதும், பிறகு ஒரு நாள் பொறுமை அற்றுப் போய்ப் பூட்டை எடுத்துக்கொண்டு புறப்படுவதும்தான் என்னிடம் வருகிற பெரும்பாலான வழக்குகளின் கதை. இரண்டாவது மாதமே ஒரு கடிதம் எழுதுவது இரக்கமில்லாத செயல் ஆகாது. 9,000 ரூபாயை ஒரு டெய்லர் எங்காவது புரட்டிவிடலாம். 27,000 என்றால் அவர் கதவைத் திறக்கவே அஞ்சுவார்.

கடிதத்தை நாளைக்கே எழுதுங்கள். அதில் சித்திரை, வைகாசி என்று வேண்டாம். ஒப்பந்தத்தில் எந்த மாதக் கணக்கு இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். ஏப்ரல் 4,500, மே 4,500 என்று மாதவாரியாக எழுதி, கடைசியில் கூட்டுத்தொகை போடுங்கள். கதவு எண், ஒப்பந்தத் தேதி, இணையத்தில் பதிந்தபோது கிடைத்த வாடகைப் பதிவு எண், மூன்றும் இருக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழு நிலுவையையும் செலுத்த வேண்டும், தவறினால் வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனு செய்வேன் என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். மூன்றாவது வீட்டுப் பெண்மணி தண்ணீரைக் கொட்டுகிறார், பிள்ளைகள் சுவரில் கிறுக்குகிறார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கடிதத்தில் இடம் இல்லை. கையெழுத்திட்டு, நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள்.

கதவையே திறக்காதவர் தபாலை மட்டும் வாங்குவாரா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. கடிதம் தபாலில் போகலாம். அவர் கையில் நேராகக் கொடுக்கலாம். அவர் வீட்டில் இருக்கும் குடும்பத்தார் கையிலும் கொடுக்கலாம். எதுவும் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். சரியான முகவரிக்குப் போன தபாலை ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்தால் அது சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். ஆர்வத்தில் பிரித்துப் படித்துவிட்டு உறையைக் குப்பையில் போட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் வாடகை பாக்கி என்ற காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். ஆனால் இந்தச் சலுகை திரும்பத் திரும்பக் கிடைப்பதில்லை. ஒருமுறை இப்படித் தப்பியவர் பிறகு ஏதாவது ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகையை நிறுத்தினால் இதே கதவு அவருக்குத் திறக்காது.

பாதிப் பணம் கொண்டுவந்தால்? வாங்குங்கள். ரசீதில் ‘ஏப்ரல், மே மாத நிலுவைக் கணக்கில், அறிவிப்பின்படி என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்’ என்று எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு வரி முக்கியம். அறிவிப்புக்குப் பிந்திய மாதத்தின் வாடகையை வெறுமனே வாங்கிக்கொண்டால், அறிவிப்பையே நீங்கள் கைவிட்டுவிட்டீர்கள் என்று எதிர்த் தரப்பு வழக்கறிஞர் வாதாட இடம் கிடைக்கும். வங்கிக் கணக்கிலோ கைபேசி வழியாகவோ பணம் வந்து விழுந்தாலும் அன்றைக்கே அதே வரியை அவருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

மாதம் கடந்தும் பணம் வரவில்லை என்றால் வாடகை நீதிமன்றம். திருப்பூரில் எந்த நீதிமன்றம் அதற்கென அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதை நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கடிதத்தின் நகல், தபால் அத்தாட்சி, பழைய வாடகை ரசீதுகளின் அடிக்கட்டைகள், இவை போதும். வழக்கு நடக்கும் காலத்துக்கும் வாடகையைச் செலுத்த உத்தரவிடும்படி அங்கேயே கேளுங்கள். கேட்காமல் விட்டால் வழக்கு முடிவதற்குள் பாக்கி இன்னும் கூடிவிடும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று கவலைப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் அதே உதவி உண்டு என்பதால் உங்கள் டெய்லரும் அங்கே வரலாம். வரட்டும். வழக்குக்கு முன்பே இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உண்டு, அதன் மேல் மேல்முறையீடு கிடையாது.

சட்டத்தைத் தாண்டி என் சொந்தக் கருத்து ஒன்றும் சொல்கிறேன். ‘இரண்டு மாதத்தில் காலி செய்துவிடுகிறேன், அட்வான்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதிப் பாக்கியை விட்டுவிடுங்கள்’ என்று அவர் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தால் மீதி பதினோராயிரம்தான் இருக்கும். ஆனால் வாய்ப்பேச்சாக வேண்டாம். மக்கள் நீதிமன்றத்தில் தேதி குறித்து எழுதி வாங்குங்கள்.

*காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் காலி செய்து கொடுப்பார்களா? இன்ஸ்பெக்டர் எங்கள் உறவினருக்குத் தெரிந்தவர்.*
*— வாசகர், சேலம்*

மாட்டார்கள், செய்யவும் கூடாது. வாடகை பாக்கி உரிமையியல் விவகாரம். அடித்தல், மிரட்டல், சேதம் போன்ற குற்றம் ஏதேனும் நடந்திருந்தால் அதற்கு மட்டும் புகார் கொடுங்கள். உறவினருக்குத் தெரிந்தவரை அழைத்துவந்து பேசவைப்பதற்குக் கட்டப்பஞ்சாயத்து என்றுதான் பெயர்.

*என் மாடிப் போர்ஷனில் இருந்த இளைஞர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. இரண்டு மாதமாக ஆளே இல்லை, வீடு பூட்டியிருக்கிறது. கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி இருக்கின்றன. அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டு பூட்டை உடைக்கலாமா?*
*— வாசகர், தாம்பரம்*

உடைக்காதீர்கள் ஐயா. அந்த வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் பயன்படும்.

ஆள் இல்லாவிட்டாலும் அவர் பூட்டும் பொருள்களும் இருக்கும் வரை வீடு சட்டப்படி அவர் வசம்தான். ஒருவர் ஒரு சொத்தை நிலையாகத் தன் வசம் வைத்திருந்தால், அங்கே தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சட்ட வழியில் அன்றி அவரை வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. பூட்டை உடைத்தால் ஆறு மாதத்துக்குள் அவர் உரிமையியல் நீதிமன்றம் சென்று வசத்தைத் திரும்பக் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் (Specific Relief Act) ஆறாவது பிரிவு அது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்த வழக்கில் எழாது. அத்துமீறி நுழைந்ததற்குக் குற்ற வழக்கும் சேரலாம். பீரோவில் பத்துப் பவுன் வைத்திருந்தேன் என்று அவர் சொன்னால் நீங்கள் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

முதலில் வேறொன்று செய்யுங்கள். ஒப்பந்தத்தில் அவருடைய சொந்த ஊர் முகவரி இருக்கும். அங்கே கடிதம் போடுங்கள், வேலை செய்த இடத்தில் விசாரியுங்கள். இரண்டு மாதமாக ஒரு இளைஞரைக் காணவில்லை. அவர் வாடகைக்குப் பயந்து ஓடியவராக இருக்கலாம், எங்காவது மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடப்பவராகவும் இருக்கலாம். எங்கேயும் தகவல் கிடைக்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பாக்கி வசூலுக்காக அல்ல, ஆளைக் காணவில்லை என்பதற்காக. பிறகு திருப்பூர் வாசகிக்குச் சொன்ன அறிவிப்பைச் சொந்த ஊருக்கும் மாடிக்கும் தபாலில் அனுப்பி, ஒன்றைக் கதவில் ஒட்டிப் புகைப்படம் எடுத்து, ஒரு மாதம் காத்திருந்து மனுப் போடுங்கள். அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகவே உத்தரவு கிடைக்கும். அதன் பிறகு பூட்டை உடைப்பது, நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனாவின் வேலை.

அமீனா என்றதும் எனக்கு ஒரு காலை நேரம் நினைவுக்கு வருகிறது. நான் ஜூனியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வாடகைக் கட்டுப்பாட்டு வழக்கு ஒன்று மேல்முறையீடு, சீராய்வு என்று சுற்றி ஒன்பது ஆண்டுக்குப் பிறகு முடிந்திருந்தது. வெளியேற்ற உத்தரவை நிறைவேற்ற அமீனா போகும்போது என் சீனியர் என்னையும் அனுப்பினார். நாங்கள் உரிமையாளரின் தரப்பு. அவர் வாசலில் நின்றுகொண்டு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று துடித்துக்கொண்டிருந்தார். அமீனா அவசரப்படவே இல்லை. கதவைத் தட்டினார். உத்தரவை உரக்க வாசித்தார். ஆள் இல்லை, வீடு பூட்டியிருந்தது. பூட்டுத் திறப்பவரை வரவழைத்துத் திறந்து, பக்கத்து வீட்டார் இருவரை அழைத்து நிறுத்தினார். பிறகு ஒரு நீளத் தாளில் எழுத ஆரம்பித்தார். இரும்புக் கட்டில் ஒன்று. கால் உடைந்த மேஜை ஒன்று. எவர்சில்வர் குடம் இரண்டு. சாமி படம் நான்கு. பள்ளிக்கூடப் பை ஒன்று, அதற்குள் நோட்டுப் புத்தகம் ஆறு. துடைப்பம் வரைக்கும் எழுதினார். உரிமையாளர் அலுத்துக்கொண்டபோது, ‘பையை எண்ணாமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது’ என்று கேட்டார். நிலுவை வைத்துவிட்டு ஓடிப்போன ஒருவரின் துடைப்பத்தைக்கூட நீதிமன்றம் பட்டியல் போட்டுக் காக்கிறது. பூட்டை நீங்களே உடைத்தால் அந்தப் பாதுகாப்பு அந்த இளைஞருக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. அதனால்தான் மன்றாடிச் சொல்கிறேன்.

வாடகை நிலுவையை வசூலிக்க மூன்று ஆண்டு காலவரையறை இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

*என் தந்தை 2008-ல் வாய்மொழியாக வாடகைக்கு விட்ட கடை. ஒப்பந்தமே கிடையாது. வாடகையை உயர்த்திக் கேட்டோம், அவர் மறுத்தார். பழைய வாடகையை நாங்கள் வாங்க மறுத்துவிட்டோம். ஆறு மாதமாக எதுவும் வரவில்லை. பாக்கிக்காக வெளியேற்றலாமா?*
*— வாசகர், மதுரை*

நீங்களே வாங்க மறுத்ததைப் பாக்கி என்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்க முடியாது. அவர் புத்திசாலியாக இருந்தால் அந்தப் பணத்தை வாடகை அதிகார அமைப்பிடம் கட்டியிருப்பார், அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்களுடைய வழி வேறு. 2019-க்கு முன்பு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருந்த வாடகைகளுக்கு இரு தரப்பும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று புதிய சட்டம் கெடு வைத்தது. அந்தக் கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே இடத்தைத் திரும்பப் பெற ஒரு காரணம். நியாயமான வாடகையோடு ஒப்பந்த வரைவு ஒன்றைக் கடிதத்துடன் அவருக்கு அனுப்புங்கள். அவர் கையெழுத்திட்டால் கடை வாடகையும் உயரும், உறவும் நிலைக்கும். மறுத்தால் அந்தக் கடிதமே உங்கள் மனுவின் முதல் ஆவணம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். புதிதாக வாடகைக்கு விடுகிறவர்கள் முத்திரைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைப்பதோடு நிற்காதீர்கள். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முயலும்போதுதான் அது எவ்வளவு பெரிய குறை என்பது தெரியும். திருப்பூர் வாசகியின் மகள் செய்ததை நீங்களும் செய்யுங்கள்.

*நான் வாடகைக்கு இருப்பவள். கணவருக்கு வேலை போய்விட்டது. இரண்டு மாத வாடகை 14,000 ரூபாய் பாக்கி. வீட்டுக்கார அம்மா நல்லவர். நேற்று அவர் வக்கீல் மூலம் அனுப்பிய கடிதம் வந்தது, பயத்தில் வாங்கவில்லை. எங்களைத் தெருவில் தூக்கிப் போட்டுவிடுவார்களா? அட்வான்ஸ் 70,000 அவர்களிடம் இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?*
*— வாசகி, ஓசூர்*

பயப்படாதீர்கள் அம்மா. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் கடிதத்தை வாங்காமல் விட்டது தவறு. வாங்காவிட்டாலும் ஒரு மாதக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே தபால் நிலையத்துக்குப் போய், கடிதம் இன்னும் அங்கே இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்த பிறகு, பாக்கியும் சேதமும் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டிய பிணைத் தொகை. குடியிருந்துகொண்டே ‘அதில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று வாடகையை நிறுத்த உங்களுக்குத் தானாக உரிமை வந்துவிடாது. அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யலாம். உங்கள் அட்வான்ஸ் பத்து மாத வாடகை. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஊரில் பத்து மாதம் என்பது பழகிவிட்டது. ஆகவே அவர் கையில் போதிய பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சொல்லி நீங்கள் நியாயமாகவே கேட்கலாம்.

எழுதிக் கேளுங்கள். கணவருக்கு வேலை போன தேதியைச் சொல்லுங்கள். ‘14,000 ரூபாயை அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதியுங்கள், வேலை கிடைத்ததும் அட்வான்ஸை நிரப்பிவிடுகிறோம், இந்த மாத வாடகை ஐந்தாம் தேதி வரும்’ என்று எழுதி, அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் எப்பாடு பட்டாவது கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் 14,000-ஐயும், அதோடு கேட்கப்பட்டிருக்கும் வட்டியையும் கட்டி ரசீது வாங்குங்கள். கெடுவுக்குள் கட்டிவிட்டால் இந்தப் பாக்கிக்காக உங்களை வெளியேற்ற உத்தரவு பிறக்காது. நகையை அடகு வைப்பதா, கட்டுவதா என்று தயங்கும் நிலை வந்தால் 15100-க்கு ஒருமுறை பேசுங்கள். சட்ட உதவி உங்களுக்கும் இலவசம்.

வீட்டுக்கார அம்மா நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீல் கடிதம் வந்தபிறகு பேசக்கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு மாலையே கணவரையும் அழைத்துக்கொண்டு, எழுதிய கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போங்கள்.